இரண்டு கோடு மருந்து

ஏத்தன் வாழைக்குலையைத் தோளில் சுமந்து தேவகுமார் சர்ச் வாசலுக்கு வந்தபோது முதல் மணி அடித்து ஓய்ந்திருந்தது. லேசுப்பட்ட குலை இல்லை. வீட்டை ஒட்டிய விளைத்தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு ஊடே வெயில் விழுகிற ஒரு மூலையில், அந்த ஒற்றை வாழைக்கு மட்டும் சாணமும் சாம்பலும் தனியாகப் போட்டு, குலை தள்ளிய நாளிலிருந்து பழைய வேட்டியைச் சுற்றி மூடி வளர்த்திருந்தான். "ஆண்டவருக்குக் குடுக்கப்போற வாழக்கொலைக்கு என்னத்துக்கு வேட்டி?" என்று அவன் மனைவி செல்லபாய் கேட்டாள். "ஆண்டவருக்குக் கண்ணேறு இல்ல. பக்கத்து வெளைக்காரனுக்கு உண்டு" என்றான். அன்று காலையில்தான் வேட்டியை அவிழ்த்தான். சர்ச் மரத்தடியில் மரச்சீனி, காச்சில் கிழங்குகள், தேங்காய், கால் கட்டிய சேவல் என்று குவிந்துகிடந்தவற்றின் நடுவே குலையை இறக்கி வைத்தபோது நாலைந்து பேர் கிட்டே வந்து தொட்டுப் பார்த்தார்கள். தேவகுமார் தோளைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் அறியாதவன்போல நின்றான்.

பின்னாலேயே மஞ்சள் பாவாடையில் மகள் ரெஜிலா வந்தாள். ஆறாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. கோடையில் எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவள் இவள்தான் என்று புதிதாய்ப் பார்க்கிறவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். கன்னத்தில் சதை பிடித்து, முடி கறுத்து, நடக்கச் சொன்னால் ஓடுகிறாள். அந்தக் கன்னத்துக்காகத்தான் இந்தக் குலை. அருமனை பக்கத்துச் சபைகளில் அறுவடைப் பண்டிகைக்கு விளைந்ததில் முதல்தரத்தைக் கொண்டுவருவது வழக்கம்; நேர்ந்துகொண்டவர்கள் பேரும் காரணமும் சொல்லிக் காணிக்கையாக வைப்பார்கள்; ஆராதனை முடிந்ததும் எல்லாம் மரத்தடியில் ஏலம் போகும். போதகர் பலிபீடத்துக்கு முன்னால் நின்று வாசித்தார். "தேவகுமார், செல்லபாய் குடும்பத்தார், தங்கள் மகள் ரெஜிலாவுக்கு நீரிழிவு வியாதியிலிருந்து சுகம் கிடைத்ததற்காக ஸ்தோத்திரக் காணிக்கை." பெண்கள் பக்கத்தில் பல தலைகள் திரும்பின. செல்லபாய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஏலம் போடுகிறவர் ஏசுஅடிமை. கமிட்டிச் செயலாளர், கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் ஒரு முட்டையைக்கூடத் தங்கமுட்டை விலைக்கு விற்றுவிடுவார். குலை ஏலத்துக்கு வந்தது. ரெண்டு பேர் கேட்டார்கள், விலை ஒரு இடத்தில் நின்றுவிட்டது. ஏசுஅடிமைக்கு அது பொறுக்கவில்லை. கூட்டத்தில் நின்ற தேவகுமாரைப் பார்த்து மைக்கிலேயே கேட்டார்.

"தேவகுமாரு, பிள்ளைக்கு இப்பம் ஊசி உண்டுமா?"

அத்தனை பேரும் திரும்பினார்கள். தேவகுமார் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஊசி உண்டு. காலையில் ஊசிக்குழலில் ரெண்டே ரெண்டு கோடு, கண்ணில் பட்டும் படாமலும் ஒரு சொட்டு மருந்து. ஆனால் அன்று காலையில் குலையை வெட்டி, பிள்ளைக்குத் தலைபின்னி, ஓடிவந்த அவசரத்தில் அதைப் போட விட்டுப்போயிருந்தது. அதெல்லாம் மைக்குக்கு முன்னால் விளக்கிக்கொண்டு நிற்க முடியுமா?

"இல்ல" என்றான்.

"கேட்டியளா! ஊசி இல்ல! கர்த்தர் தொட்டுச் சொகமாக்கின வீட்டுக்க வாழக்கொலை. இத இந்த வெலைக்கா விடுதது?" என்று ஏசுஅடிமை குரலை உயர்த்தினார். அதன்பிறகு விலை ஏறிய வேகத்தைப் பார்த்துச் சின்னப்பிள்ளைகள்கூடக் கைதட்டினார்கள். தேவகுமார் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிற தோட்டத்தின் முதலாளி கிருஷ்ணமணி, சபைக்காரர் இல்லை, பண்டிகைக்கு மரியாதைக்காக வந்தவர், அவர்தான் கடைசியில் குலையை எடுத்தார். எடுத்து, தேவகுமாரின் முதுகில் தட்டினார்.

வீட்டுக்கு நடந்த வழியில் ரெஜிலா முன்னால் ஓடியதும் செல்லபாய் மெதுவாகக் கேட்டாள். "ஏன் அப்பிடிச் சொன்னிய?"

"இண்ணைக்கு ஊசி போட்டமா?"

"அவசரத்தில விட்டுப்போச்சு."

"பின்ன நான் சொன்னதில என்ன பொய்?"

அது பதிலில்லை என்று அவனுக்கே தெரியும்.

தேவகுமாரை மூடன் என்று நினைத்துவிடக்கூடாது. வெட்டுக்காரர்களில் அவனுக்குத் தனிப்பேர் உண்டு. கத்தி பட்டையில் எவ்வளவு இறங்கவேண்டும், எங்கே நின்றுவிடவேண்டும் என்பது அவன் கைக்குத் தெரியும். ஒரு மயிரிழை கூடினால் மரத்தில் காயம், குறைந்தால் பால் இல்லை. கோடையில் பிள்ளை மெலிந்ததையும் முதலில் பார்த்தவன் அவன்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குடத்தோடு வாயை வைப்பாள். ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அவள் மூச்சில் பழுத்த அன்னாசிப்பழ வாடை அடித்தது. சின்ன ரப்பர் தைக்கன்றுகளுக்கு இடையில் அன்னாசி நட்டிருக்கிற ஊர். "ஏட்டி, எவன் வெளையில கேறி அன்னாசி களவெடுத்த?" என்று சிரித்துக்கொண்டே காதைத் திருகினான். அவள் இல்லையென்று அழுதாள். மறுநாள் பள்ளியில் மயங்கி விழுந்தவளை மார்த்தாண்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபிறகுதான், அந்த வாடை பழத்திலிருந்து வந்ததில்லை, சர்க்கரையை எரிக்க வழியில்லாமல் உடம்பு தன் கொழுப்பையே எரித்ததில் வந்தது என்று தெரிந்தது. களவுப்பட்டம் கட்டிக் காதைத் திருகியது அவன் மனதைவிட்டுப் போகவில்லை.

பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டர் லீலாபாய் அதிகம் பேசாதவர். ஆனால் தாய் தகப்பனுக்குப் புரியவேண்டும் என்று நினைப்பவர். பிள்ளை கண்விழித்த அன்று ரெண்டு பேரையும் உட்காரவைத்து, "நீங்க என்ன வேலை?" என்று கேட்டார்.

"ரப்பர் வெட்டு."

"ஒரு மரத்த நாள் இடைவிடாம, அளவுக்குமேல வெட்டினா என்னாவும்?"

"பட்டை மரத்துப்போவும் டாக்டர். பால் வராது."

"அதுமாதிரின்னு வைங்க. வயித்துக்குள்ள கணையம்னு ஒண்ணு உண்டு. அதில உள்ள சில அணுக்கள்தான் இன்சுலின் உண்டாக்குது. உங்க பிள்ளைக்கு, நோயோட சண்டை போடவேண்டிய உடம்புக்க படையே வழிதவறி அந்த அணுக்கள அடிச்சிட்டு இருக்கு. அடிபட்ட எடம் உள்ளுக்குள்ள கன்னிப்போய் அணுக்கள் சாவுது. மிச்சம் உள்ளது எல்லா வேலையும் இழுத்துப்போட்டுச் செய்யுது. முடியாம சர்க்கரை ஏறுது. ஏறின சர்க்கரையே விஷமா நிண்ணு, மிச்சம் உள்ளதையும் அடிச்சிப்போடுது. இப்பம் நாம வெளியே இருந்து மருந்து குடுத்தா அதுக்குக் கொஞ்சம் ஓய்வு. ஓய்வு கெடச்சா, மயங்கிக் கெடக்கதில கொஞ்சம் தெளியும்."

"தெளியுமா?" தேவகுமார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

"கொஞ்ச காலத்துக்கு. அப்பம் மருந்து ரெம்ப கொறச்சலே போதும். ஹனிமூன் காலம்னு நாங்க சொல்லுவோம். ஆனா உள்ள நடக்குத அடி நிக்காது. அதினால ஊசிய எப்பவும் விடக்கூடாது."

ஹனிமூன் என்ற வார்த்தையைக் கேட்டுச் செல்லபாய் வாயைப் பொத்திக்கொண்டாள். தேவகுமாரின் காதில் 'தெளியும்' என்பதற்குப் பிறகு சொன்னது சரியாக ஏறவில்லை. ஓடைக்கரையில் நிற்கும் ஒரு மரம் அவன் நினைவில் வந்துவிட்டது. பட்டை மரத்துப்போய், எல்லாரும் விறகுக்குக் கொடு என்று சொன்ன மரம். அவன் ஒரு மழைக்காலம் முழுக்கக் கத்தி வைக்காமல் விட்டான். பிறகு வெட்டியபோது மரத்தில் கட்டிய சிரட்டை நிறையப் பால் வந்தது. அப்படித் திரும்பாமலே போய், கடைசியில் விறகுக்குக் கொடுத்த மரங்களும் நிறைய உண்டு. அந்த மரங்கள் அன்றைக்கு அவன் நினைவில் வரவில்லை.

ஊசி போடும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான். பட்டையில் ஓடுகிற கை, பிள்ளையின் தோலில் வலிக்காமல் இறங்கியது. டாக்டர் சொன்னபடியே மருந்து குறைந்துகொண்டு வந்தது. குறைக்காதபோது ஆபத்தும் வந்தது. ஒருநாள் பள்ளிக்கூட வரிசையில் நின்ற பிள்ளை வியர்த்து நடுங்கி உட்கார்ந்துவிட்டாள். சர்க்கரை கீழே போய்விட்டதாம். டீச்சர் வாயில் சீனி போட்டுத் தெளிவித்தாள். பிள்ளையைத் தள்ளியது நோயா, ஊசியா என்று தேவகுமாருக்கு அப்போதே ஒரு சந்தேகம் விழுந்தது. மறுமுறை போனபோது டாக்டர் இன்னும் குறைத்தார். கடைசியில் ரெண்டு கோடு. ஊசிக்குழலை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தால் அந்த ரெண்டு கோட்டுக்குள் இருப்பது வேர்வைத்துளி அளவுகூட இல்லை. செல்லபாய் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தாள். மரமும் தெளிந்தது, ஜெபமும் கேட்கப்பட்டது; இதில் எது எதனால் என்று பிரித்துப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் அவசியம் வரவில்லை.

ஏலத்துக்கு மறுநாள் காலையில் ரெஜிலா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு வழக்கம்போல அவன் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, ஊசி."

"நேத்து போடல்ல. என்னமாவது செஞ்சுதா?"

"இல்ல."

"அப்பம் இனி வேண்டாம்."

பிள்ளை ஒரு நிமிடம் அவன் முகத்தையே பார்த்தாள். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் எழுந்து முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபிறகு திரும்பக் கூப்பிட்டு ஊசி போட எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஓமனா, அவள் வீட்டுப் பிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் இத்தனை நாளும் இடம் கொடுத்து வைத்திருந்த மருந்துக் குப்பியை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினாள். "இனி இதுக்கு வேலை இல்லல்லா? நல்லாருக்கட்டும் பிள்ள." செல்லபாய் வாங்கி, கைக்குட்டையில் சுற்றி, அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்தாள். தேவகுமார் அதைப் பார்த்தான்.

ஒன்றும் ஆகவில்லை. அதுதான் கொடுமை. உடனே ஏதாவது ஆகியிருந்தால் பயந்துபோய் ஓடியிருப்பார்கள். கிறிஸ்துமஸ் வந்தது, பிள்ளை கேக் தின்றாள். சர்க்கரை பார்க்கிற கருவியில் சொட்டு ரத்தம் வைத்துப் பார்த்தபோதெல்லாம் எண் நல்லபடியாகவே வந்தது. வீட்டு ஜெபக்கூட்டங்களுக்கு ரெஜிலாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்கள். அவள் சாட்சி சொல்லி ஒரு பாட்டும் பாடுவாள். சீக்காளிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். டாக்டர் வரச்சொன்ன நாள் வந்தபோது செல்லபாய், "ஒரு எட்டு போயிட்டு வருவமா?" என்றாள். "போனா டாக்டர் திரும்ப ஊசி போடச் சொல்லுவாவ. சபையில என்ன சொல்லுவ?" என்றான் தேவகுமார். ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த வருடம் அது. கடைத்தெருவில் எல்லாரும் முகம் மலர்ந்து பேசினார்கள். அவனைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் பேசினார்கள். சும்மா சொல்லக்கூடாது, அது அவனுக்குப் பிடித்திருந்தது. கருவியில் வைக்கும் பட்டைகள் தீர்ந்தபோது அவன் புதிது வாங்கவில்லை.

கோடை போய் மழை பிடித்தது. மழையில் வெட்டு இல்லை. ரெஜிலா காய்ச்சல் என்று படுத்தாள். பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல்தான். செல்லபாய் கஞ்சி வைக்கப் போயிருந்தாள். தேவகுமார் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் கையை வைத்தான். தூங்குகிறவள் மூச்சுமாதிரி இல்லை. ஆழமாக, இழுத்து இழுத்து வாங்கினாள். தோள் எலும்பு சட்டைக்குள் துருத்திக்கொண்டிருந்தது. எப்போது இவ்வளவு மெலிந்தாள்? வீட்டில் நாலு நேரமும் பார்க்கிற முகத்தில் எப்படி இது தெரியாமல் போனது? அவன் அவள் முகத்துக்குமேல் குனிந்தான்.

அன்னாசிப்பழ வாடை.

இந்தமுறை அவன் யார் காதையும் திருகவில்லை. செல்லபாயைக் கூவிக் கூப்பிட்டான். பிள்ளையை அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினான். கிருஷ்ணமணியின் ஜீப்பில் ஏற்றியபோதுதான் தான் வெறுங்காலோடு வந்திருப்பது அவனுக்குத் தெரிந்தது. செல்லபாய் அரிசிப்பானைக்குப் பின்னாலிருந்த கைக்குட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

டாக்டர் லீலாபாய் கைக்குட்டையை அவிழ்த்துக் குப்பியைப் பார்த்தார். ஒரு கோடை முழுக்க வெக்கையில் கிடந்த மருந்து. அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டார். திட்டியிருந்தால் தேவகுமாருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. உள்ளே போய்விட்டார், ஆள்மாற்றி ஆள் ஓடினார்கள். அவன் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றான். ஜெபிக்க வாயெடுத்தால் மைக்கில் ஏசுஅடிமையின் குரல்தான் காதில் கேட்டது.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். பிழைத்துக்கொண்டாள் என்பதை டாக்டர் வந்து சொன்னபோது செல்லபாய் தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். போதகர் அன்றே மழையில் நனைந்து வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று குறைந்த சத்தத்தில் ஜெபித்தார். வெளியே வந்ததும் தேவகுமாரைத் தனியே தள்ளிக்கொண்டுபோனார். "தேவகுமாரு, எனக்கும் சுகர் உண்டு. மாத்திரை போட்டுட்டுத்தான் நான் பிரசங்கத்துக்கு ஏறுவேன். எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." பிறகு கொஞ்சம் தயங்கி, "சபையில நான் சொல்லட்டா?" என்று கேட்டார்.

"வேண்டாம். நானே சொல்லுதேன் ஐயா."

நானே சொல்கிறேன் என்று சொன்னபோது அவன் உண்மையாகத்தான் சொன்னான்.

ரெஜிலாவுக்குப் பேச்சு வந்த அன்று, செல்லபாய் சாயா வாங்கக் கீழே போயிருந்தாள். பிள்ளை மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நான் ஒழுங்கா ஜெபிக்காததினாலயா?"

"அப்பிடிச் சொல்லாத மக்களே."

"எனக்கு ரெம்ப நாளா தாகம் உண்டும். பள்ளிக்கூடத்துப் பைப்புல குடிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். வழியில ஓடையிலயும் குடிப்பேன். அம்மைக்கிட்ட சொல்லல்ல."

"ஏன் மக்கா சொல்லல்ல?"

"சொன்னா நீங்க சர்ச்சில சொன்னது பொய்யாயிருமேன்னு."

தேவகுமார் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். இத்தனை நாள் அந்தப் பிள்ளை வாய் வறண்டு ஓடையில் குனிந்து குனிந்து குடித்தது தன் வார்த்தையைக் காப்பாற்றவா? வயிற்றுக்குள் எரிகிற ஒன்றை மூடிவைத்துக்கொண்டு ஜெபக்கூட்டத்தில் நின்று பாடினாளா? அவனுக்கு அழுகையாவது வந்திருக்கலாம், வரவில்லை. பிள்ளையின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். அதில் ஊசி குத்திக் குத்திக் கறுத்த புள்ளிகள் இருந்தன.

வீட்டுக்கு அனுப்புவதற்குமுன் டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனையின் முடிவைக் காட்டினார். போன வருடம் பிள்ளையின் உடம்பு சொந்தமாகக் கொஞ்சம் இன்சுலின் உண்டாக்கிக்கொண்டிருந்தது. இப்போது இல்லையென்றே சொல்லவேண்டும். தேவகுமார் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். "நான் ஊசிய நிறுத்தாம இருந்திருந்தா, அது நிண்ணிருக்குமா டாக்டர்?"

டாக்டர் அந்த முடிவை இன்னொருமுறை பார்த்தார். "எண்ணைக்காவது போயிருக்கும். ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, சிலருக்கு அதுக்கு மேலயும் நிக்கும். உங்க பிள்ளைக்கு எவ்வளவு நிண்ணிருக்கும்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது." காகிதத்தை மடித்தார். "அந்தக் கொஞ்சம் உள்ள இருந்தா, இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்காது. பிள்ளைக்கு எளுப்பமா இருந்திருக்கும். நான் மரத்த வச்சுச் சொல்லியிருக்கக்கூடாது. மரம் தன்னைத்தானே அடிக்காது."

இனி ரெண்டு கோடு என்ற பேச்சே இல்லை. சாப்பாட்டுக்குச் சாப்பாடு ஊசி, படுக்கப்போகும்போது வேறு ஒன்று. முதல்நாள் வீட்டில் தேவகுமார் குழலைக் கையில் எடுத்தான். தோலுக்குக் கிட்டே கொண்டுபோன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். ஆயிரம் மரத்தில் ஒரு காயம் படாமல் கத்தி போட்ட கை. "தாங்க அப்பா, ஆஸ்பத்திரியில சிஸ்டர் எனக்குப் படிப்பிச்சுத் தந்தாவ" என்று ரெஜிலா வாங்கிக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு தானே குத்திக்கொண்டாள். அவன் எழுந்து விளைக்குப் போய்விட்டான். மழைக்குப் பிறகு வெட்டுத் தொடங்கியபோது ஓடைக்கரை மரத்தின் பக்கம் அவன் கத்தியோடு போகவில்லை. அது பால் தருமா தராதா என்று பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று முதலில் போகாமல் இருந்தார்கள். பிறகு போனார்கள். எழுந்து சொல்லவேண்டிய நேரத்தில் தேவகுமாரின் கால் எழும்பவில்லை. காய்ச்சல் என்றுதான் ஊருக்குத் தெரியும். ஏசுஅடிமை வாசலில் கையைப் பிடித்து, "விஷக்காய்ச்சல்லாம் இப்பம் எல்லாருக்கும் உண்டு. ஊசி இல்லாம காத்த கர்த்தர் இதிலயும் காத்தாரே" என்றார். தேவகுமார் தலையாட்டினான். போதகர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

சர்ச் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் வந்தது. சபையார் எல்லாரும் அரிசியும் தேங்காயும் கொடுத்து, சர்ச் வளாகத்திலேயே சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற சோறு. ரெஜிலா போயே தீரவேண்டும் என்று நின்றாள். செல்லபாய்க்கு ஒரே கவலைதான். வீட்டில் ஊசி போட்டுக்கொண்டு போனால், அங்கே இலையில் சோறு விளம்புவதற்கு நேரமாகிவிட்டால் சர்க்கரை கீழே போய் பிள்ளை விழுந்துவிடுவாள். அசனத்துச் சோறு என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறது? சோறு கண்ணுக்கு முன்னால் வந்தபிறகு ஊசி போடுவதுதான் சரி. "பந்தி போடும்போ சர்ச்சுக்குப் பின்னால மறைவில போய்க் குத்திட்டு ஓடிவந்திரலாம், ஒருத்தருக்கும் தெரியாது" என்றான் தேவகுமார். செல்லபாய், இந்தமுறை ஓமனாவிடம் கொடுக்காமல் வீட்டிலேயே தண்ணீர்ப் பானையில் வைத்திருந்த குப்பியை ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

நினைத்தபடி நடக்கவில்லை. பிரசங்கம் நீண்டது, வாழ்த்துரைகள் நீண்டன, பிறகு திடீரென்று எல்லாரும் பந்திக்கு ஓடினார்கள். சர்ச்சுக்குப் பின்னால் அடுப்பும் சமையல்காரர்களுமாக நிறைந்து கிடந்தது, ஓமனா பந்தியின் முன்வரிசையில் இருந்தாள். தார்ப்பாய்ப் பந்தலின் கீழ் ரெஜிலா தோழிகளுக்கு நடுவில் இடம் பிடித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு பக்கம் செல்லபாய். தேவகுமார் பின்னால் நின்றான். இலை விழுந்தது, சோறு விழுந்தது. ரெஜிலா அம்மாவின் பையை இழுத்து மடியில் வைத்தாள்.

"பிள்ளே, இஞ்ச வச்சா?" என்று செல்லபாய் கையைப் பிடித்தாள்.

"சோறு வந்தாச்சுல்லாம்மா."

குப்பியைத் துணியிலிருந்து எடுத்துக் குழலில் மருந்தை இழுத்தாள். பக்கத்திலிருந்த பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். தேவகுமார் தோளில் கிடந்த துண்டை உருவி, ரெண்டு கையாலும் விரித்து, பிள்ளைக்கு முன்னால் திரைபோலப் பிடித்தான்.

"அப்பா, மறைக்காதிய. கோடு தெரியல்ல."

அவன் கை அப்படியே நின்றது.

"துண்ட மாத்துங்கப்பா. மருந்து கூடிப்போனா விழுந்திருவேன்."

தேவகுமார் துண்டை இறக்கினான். ரெஜிலா குழலைப் பந்தலின் ஓரத்து வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கோட்டுக்குச் சரிசெய்தாள். சட்டையின் ஓரத்தை விரலளவு ஒதுக்கி வயிற்றில் குத்தினாள். அந்த நேரம் பார்த்துப் பருப்பு வாளியோடு ஏசுஅடிமை அந்த வரிசைக்கு வந்துசேர்ந்தார். அகப்பை வாளிக்குள் நின்றுவிட்டது. பிள்ளையைப் பார்த்தார், குழலைப் பார்த்தார், நிமிர்ந்து தேவகுமாரைப் பார்த்தார். மைக் இல்லாத அவர் குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"ஊசி உண்டுமா தேவகுமாரு?"

"உண்டு அண்ணே" என்றான் தேவகுமார். வரிசைக்குக் கேட்கும்படி சொல்லவேண்டும் என்று நினைத்தான். மறுபடியும் சொன்னான். "நிறுத்தினது நான்தான். பிள்ள சாகக் கெடந்தா. இனி எப்பவும் உண்டு."

முன்வரிசையில் ஓமனா திரும்பிப் பார்த்து, வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஏசுஅடிமை ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரெஜிலா ஊசியை மூடிப் பையில் வைத்துவிட்டு, இலையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இனி விளம்புங்க மாமா."

அவர் குனிந்து பருப்பை ஊற்றினார். ஊற்றிவிட்டு, அடுத்த இலைக்குப் போகாமல் கொஞ்சநேரம் அங்கேயே நின்றார். அதற்குள் போதகர் சாப்பாட்டுக்கு முன்னான ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். பந்தல் முழுக்கத் தலைகள் குனிந்தன, கண்கள் மூடின, ஏசுஅடிமையும் வாளியைப் பிடித்தபடி கண்ணை மூடினார். மழையைக் கொடுத்ததற்கும் விளைச்சலைக் கொடுத்ததற்கும் போதகர் நன்றி சொல்லிக்கொண்டு போனார். ரெஜிலா ஒரு கண்ணைத் திறந்து, தலையைத் திருப்பி, பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தாள். மருந்து உள்ளே போய்விட்டது, சோறு முன்னால் இருக்கிறது, ஜெபம் முடியவில்லை. தேவகுமார் தின்னு என்று தலையை அசைத்தான். அவள் பருப்பைப் பிசைந்து, சத்தம் வராமல், சின்னச் சின்ன உருண்டையாக வாயில் வைக்கத் தொடங்கினாள். துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல், ஒவ்வொரு உருண்டையும் அவள் தொண்டையில் இறங்குவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.